கடல் கடக்கும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நூல் வெளியீட்டுப் பணி ஒன்றின் பொருட்டு அந்தமான் தீவுகளுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. தலைநகர் அப்போது போர்ட் பிளேர் என்றே வழங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு மாலை, கீதை வகுப்பு முடிந்து அனைவரும் கலைந்த பின்னரும் முதியவர் ஒருவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். நிக்கோபார் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவிலிருந்து பேரனின் சிகிச்சைக்காக வந்திருப்பதாகக் கூறினார். அவருடைய தமிழில் இலங்கை மலையகத்தின் சாயல் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார். "எங்கள் பாட்டன் காலத்திலேயே கண்டிச் சீமைக்குப் போய்விட்டோம். நான் பிறந்தது ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். சிங்களவர் எவரோடும் எங்களுக்குச் சண்டை இருந்ததில்லை. எங்கேயோ மேடை போட்டுப் பேசினார்கள். நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் கிடந்தோம். பிறகு மறுபடியும் கப்பல், இந்தத் தீவு. பேசினவர்கள் எங்களைக் கையால் தொட்டதுகூட இல்லை. அவர்களுக்கு அதில் பாவம் உண்டா, இல்லையா?"

கர்மபலன், பிராரப்தம், பொறுமை என்று வழக்கமான சில வார்த்தைகளைச் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தம் துன்பத்துக்குக் காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை. சொல்லுக்குப் பொறுப்பாளி யார் என்றே கேட்டார். அன்று அவருக்குத் தராத விடையை இங்கே தேட முயல்கிறேன்.

பிறர் வெறுப்பின் கரை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் மக்களின் வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வேறெங்கோ மூண்ட பகைமைகளால் தூக்கி எறியப்பட்டவர்கள் பலர் இங்கே கரையேறியிருக்கிறார்கள். 1921-இல் மலபாரில் நிகழ்ந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டோர் இங்கே அனுப்பப்பட்டனர். 1946-இல் கல்கத்தாவிலும் நவகாளியிலும் மூண்ட தீ 1947-இல் நாட்டைப் பிளந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்த குடும்பங்கள் 1949 முதல் இங்கே குடியமர்த்தப்பட்டன. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் ஒரு சிறு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தனர். அந்தக் கச்சால் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட தீவுகளுள் ஒன்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இத்தீவுகளைப் பற்றிய முதல் வெறுப்புச் சொல்லும் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அந்தமானில் நாய்முகம் கொண்ட மனிதர்கள் இருப்பதாகவும், அவர்கள் அந்நியரைப் பிடித்துத் தின்பதாகவும் எழுதிவைத்தார். கேட்ட கதையை அவர் எழுதினார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கதை நூற்றாண்டுகள் பல வாழ்ந்தது. 1858-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது, மண்ணின் மைந்தர்களான அந்தமானியர் மனிதரினும் தாழ்ந்தவர் என்ற எண்ணம் கப்பலுக்கு முன்பே கரைசேர்ந்திருந்தது. அன்று பல ஆயிரமாக இருந்த பெரிய அந்தமானியர் இனம் இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டது. அவர்களைக் கொன்றவற்றுள் பெரும்பங்கு நோய்களுக்கு உண்டு. ஆயினும், ஒரு மக்கள் கூட்டம் அழிந்துகொண்டிருப்பதைப் பெரும்பாலோர் கலங்காமல் பார்த்திருக்க முடிந்ததே, அதற்கு அந்தப் பழைய சொல்லும் துணைபுரிந்தது.

உண்மைக் குறையும் பொய்ப் பகைவனும்

பிரிவினைப் பேச்சு முழுப் பொய்யிலிருந்து பிறப்பதில்லை. அப்படிப் பிறந்தால் அதை எவரும் நம்பமாட்டார்கள். அது பெரும்பாலும் உண்மையான ஒரு குறையில் வேர்கொள்கிறது. பிறகு அக்குறைக்குக் காரணமல்லாத ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறது. முதியவரின் குடும்பக் கதையே இதற்குச் சான்று.

இலங்கையின் மலைநாட்டுச் சிங்களக் குடியானவனுக்கு உண்மையாகவே ஒரு குறை இருந்தது. 1840-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால், பத்திரம் காட்ட இயலாத காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் ஆங்கிலேய அரசின் சொத்தாயின. அவற்றின் பெரும்பகுதி தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயிற்று. ஆனால் முதலாளி தொலைவில் இருந்தான். ஆட்சியாளன் துப்பாக்கியோடு இருந்தான். கண்ணெதிரே, கையில் கொழுந்துக் கூடையோடு நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளி. 1931-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற முறை வந்தபோது, இந்தத் தொழிலாளரின் எண்ணிக்கை மலைநாட்டுச் சிங்களவரை மூழ்கடித்துவிடும் என்ற அச்சம் மேடைகளில் முழங்கப்பட்டது. நிலத்தைப் பறித்தவனும் அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவனும் கேட்போர் உள்ளத்தில் ஒருவராகவே ஆயினர்.

சுதந்திரம் வந்த 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பின்னர் முடிவு செய்ய 1,50,000 பேர். 1974-இல் அந்த எச்சமும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மனிதர்களில் ஒருவர்கூட அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து தம் விருப்பத்தைச் சொல்லவில்லை. எந்தக் கையும் அவர்களை அடிக்காமலே, சொல்லும் அச்சமும் சட்டமும் சேர்ந்து அவர்களைக் கடல் கடத்தின.

ஒன்றுக்கொன்று தீனி

வெறுப்பு எவ்வாறு எல்லை கடக்கிறது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. ஒரு நல்ல சொற்றொடரை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுவர நாள்கணக்கில் தவிக்கிறோம். வெறுப்புப் பேச்சோ எவர் உதவியுமின்றி எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏனெனில் அதன் இலக்கணம் எங்கும் ஒன்றே: நாம் நல்லவர், அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, அவர்களால் நமக்கு ஆபத்து, இனியும் பொறுத்தால் அழிவோம். பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

மேலும், ஒரு தரப்பின் பேச்சு மறு தரப்பின் பேச்சுக்கு உணவாகிறது. 1939-இல் நாவலப்பிட்டியில் ஜி.ஜி. பொன்னம்பலம் ஆற்றிய உரையில் சிங்களவரின் வரலாற்றுப் பெருமிதம் தாக்கப்பட்டது. அதையொட்டிச் சிங்களவர்-தமிழர் கலவரம் மூண்டது. சிங்கள மகாசபைக்கு அவ்வூரில் கிளை உருவாவதற்கும் அந்த உரையே உந்துதலாயிற்று. எதிராளியை வீழ்த்துவதாக எண்ணிப் பேசிய பேச்சு, எதிராளிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

1956-இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா 'சிங்களம் மட்டும்' என்ற முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் அச்சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். ஆயினும் 1957 ஜூலையில் அவரே செல்வநாயகத்தோடு உடன்பாடு செய்துகொண்டார். மேடையில் எழுப்பிய அலையை ஆட்சியில் அமர்ந்தபின் அடக்கிவிடலாம் என்று எண்ணினார் போலும். அலை அடங்கவில்லை. எதிர்க்கட்சியினர் கண்டியை நோக்கி யாத்திரை தொடங்கினர், 1958 ஏப்ரலில் பிக்குகள் அவரது இல்லத்தின் முன் அமர்ந்தனர், உடன்பாடு கைவிடப்பட்டது. மே மாதம் நாடெங்கும் இரத்தம் சிந்தப்பட்டது. 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக் குண்டுக்கே அவர் பலியானார். ஒரு காலத்தில் அவரது தேர்தல் வெற்றிக்கு உழைத்த மற்றொரு பிக்கு அந்தச் சதியில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அக்கொலைக்குத் தனிப்பட்ட காரணங்களும் கூறப்பட்டன. ஆயினும், ஏவிய அம்பு ஏவியவன் சொற்படி திரும்புவதில்லை என்பதை அந்த மூன்றாண்டுகள் காட்டுகின்றன.

'துரோகி' என்ற சொல்

தமிழராகிய நாம் இக்கதையை இங்கே நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். இந்தக் கொடுமைகளை எவரும் மறைக்க இயலாது. ஆனால் துன்புற்றவர் தரப்பிலும் ஒரு சொல் வளர்ந்து வந்தது: 'துரோகி'.

எதிரியைக் குறிக்கும் சொற்களைவிட ஆபத்தானது இது. எதிரியைக் குறிக்கும் சொல் வெளியே ஒரு கோடு கிழிக்கிறது. 'துரோகி' என்ற சொல்லோ வீட்டுக்குள்ளேயே கோடு கிழிக்கிறது. மாற்றுக் கருத்து உடையவர், பேச்சுவார்த்தையை நாடுபவர், நிதானம் சொல்பவர் எல்லோரும் இச்சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டதற்கு முன், மேடைகளில் அவருக்கு அந்தப் பட்டம் சூட்டப்பட்டிருந்தது. அதே மேடைகளில் முழங்கிய தலைமுறையின் பெருந்தலைவர் அமிர்தலிங்கம் 1989 ஜூலையில் கொழும்பில் தமிழ் இளைஞர்களாலேயே கொல்லப்பட்டார். 1990-இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பேசிய மொழியும் தமிழே. 1991 மே 21-இல் அந்த வன்முறை பாக் நீரிணையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ராஜீவ் காந்தியையும் அருகிலிருந்த எளிய மக்களையும் பலிகொண்டது.

அந்தமானுக்கும் இதே போன்ற ஓர் அனுபவம் உண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இத்தீவைக் கைப்பற்றியது. அதன் பிறகு 'ஒற்றன்' என்ற ஒரு சொல்லே மரண தண்டனையாயிற்று. ஐயத்தின் பேரிலும், சித்திரவதையில் பெறப்பட்ட 'ஒப்புதல்களின்' பேரிலும் மனிதர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங், செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குள்ளாகி 1944 ஜனவரி 14-இல் உயிர்நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இன்று அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. அதன் முன் நின்றபோது, ஒரு சொல் ஒரு மனிதன்மீது ஒட்டப்பட்ட பின் அவனது முகம் எவருக்கும் தெரிவதில்லை என்பதை உணர்ந்தேன்.

இது ஒரு நாட்டின், ஓர் இனத்தின் தனிக்குறை அன்று. 1994-இல் ருவாண்டாவில் வானொலி ஒரு மக்கள் பிரிவைக் கரப்பான் பூச்சிகள் என்று நாள்தோறும் அழைத்தது. நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனின் எழுத்து, 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேரைக் கொன்றவனுக்கு ஊக்கமாயிற்று. இடையே இருந்தது பாதி உலகம். நம் நாட்டிலும் 2012 ஆகஸ்டில், வேறு நாடுகளில் வேறு நிகழ்வுகளில் எடுத்த படங்கள் அசாம், மியான்மர் கலவரப் படங்களாகப் பரப்பப்பட்டன. கைபேசி வழியே பரவிய வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினர்.

மூவகை ஹிம்சை

இப்போது முதியவரின் கேள்விக்கு வருவோம். செய்தவன் ஒருவன், சொன்னவன் ஒருவன் என்றால் பொறுப்பு யாருடையது?

நவீன சட்டம் இக்கேள்வியில் தடுமாறுகிறது. ருவாண்டா வழக்கில், வானொலியும் பத்திரிகையும் நடத்திய மூவரைச் சர்வதேச நீதிமன்றம் 2003-இல் தண்டித்தது. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கித் தண்டனை குறைந்தது. எந்தச் சொல் எந்தச் செயலுக்குக் காரணம் என்று நிறுவுவது அவ்வளவு கடினம். நம் நாட்டின் பாரதிய நியாய சம்ஹிதாவின் 196-ஆம் பிரிவும் சமூகங்களிடையே பகைமை வளர்க்கும் பேச்சைக் குற்றமென்கிறது. அதையும் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும்.

ஆனால் தர்மத்தின் பார்வை சட்டத்தின் பார்வையைவிட நுட்பமானது. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஹிம்சையை மூன்றாகப் பகுக்கிறார்: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததை ஆமோதித்தது. இம்மூன்றும் பேராசை, கோபம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து பிறக்கின்றன. மிதமாக, நடுத்தரமாக, கடுமையாக என அளவில் வேறுபடலாம். ஆனால் முடிவில் துன்பத்தையும் அஞ்ஞானத்தையும் தருவதில் மூன்றும் ஒன்றே என்கிறார்.

இந்தப் பகுப்பை நம் கேள்விக்குப் பொருத்திப் பார்ப்போம். கல்லெறிந்தவன் முதல் வகை. மேடையில் பேசியவன் இரண்டாம் வகை. அவன் கைகள் தூய்மையாக இருக்கலாம், ஆயினும் அவன் செய்வித்தவன். ஆகவே, "பேசினவர்களுக்குப் பாவம் உண்டா?" என்ற கேள்விக்கு நம் சாத்திரத்தின் விடை தயக்கமற்றது: உண்டு. அது செய்தவனுடைய பங்கைக் குறைப்பதில்லை. கல்லெறிந்தவன், 'அவர் தூண்டினார்' என்று சொல்லித் தப்ப இயலாது; தூண்டியவனும், 'நான் எறியவில்லை' என்று சொல்லித் தப்ப இயலாது. கடனைப் போலப் பகிர்ந்துகொள்வதால் பாவம் சுருங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் முழுமையாகவே நிற்கிறது.

மூன்றாம் வகையில்தான் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். கூட்டத்தில் நின்று கைதட்டியவர், வீட்டுக்கு வந்து அந்த வாசகத்தைச் சிரித்தபடி திருப்பிச் சொன்னவர், கைபேசியில் வந்ததை மற்றவருக்கு அனுப்பியவர் ஆகியோர் அனைவரும் ஆமோதித்தவர்களே. இவர்களை எந்தச் சட்டமும் தொடுவது அரிது. ஆனால் இவர்கள் இல்லையேல் முதல் இருவரும் செயலற்றுப் போவர். கேட்பாரற்ற மேடையில் எவரும் தொடர்ந்து முழங்குவதில்லை.

நான் கைதட்டிய ஒரு மாலை

இதை எழுதும்போது என் நினைவு ஒரு மாலைப் பொழுதுக்குச் செல்கிறது. தத்துவ முதுகலை மாணவனாக இருந்த காலம். நகரில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்துக்கு நண்பர்களோடு சென்றேன். பேச்சாளர் நாவன்மை மிக்கவர். ஒரு சமூகத்தைப் பற்றி அவர் பேசப் பேச, கூட்டம் அலைபோல் எழுந்தது. நானும் கைதட்டினேன். அன்று உள்ளத்தில் ஒரு கிளர்ச்சி, ஒரு வலிமை, எல்லோரோடும் ஒன்றிவிட்டேன் என்ற ஓர் இன்பம் இருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறுப்பு கசப்பாக வருவதில்லை, இனிப்பாகவே வருகிறது.

விடுதிக்குத் திரும்பினேன். என் அறைத்தோழர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். தேர்வுக் காலத்தில் தம் குறிப்பேடுகளை எனக்குத் தந்து உதவியவர். வழக்கம்போல், "சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டார். பசியில்லை என்றேன். பசி இருந்தது. அன்றிலிருந்து அவரோடு பேசுவது குறைந்தது. காரணத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதங்களில் அவர் வேறு அறைக்கு மாறிவிட்டார். துறவு வாழ்வை ஏற்கும் முன் அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முகவரியில் அவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. இன்று அவர் எங்கிருக்கிறார் என்று அறியேன்.

நான் யாரையும் அடிக்கவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆயினும் அந்த ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு குற்றமும் செய்யாத ஒரு மனிதரை எனக்கு அந்நியராக்கிவிட்டது. கச்சாலிலிருந்து வந்த முதியவரின் கேள்வி என்னை ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது பின்னரே விளங்கியது. அவர் பேசியவர்களைப் பற்றிக் கேட்டார். நான் கைதட்டியவர்களுள் ஒருவன்.

அநீதி கண்டும் வாய்மூடி இருப்பதா?

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நாவடக்கம் என்ற பெயரில் அநீதியைக் கண்டும் பேசாதிருப்பதா? துன்புற்றவனிடம் இனிமையாகப் பேசு என்று உபதேசிப்பது கொடுமையன்றோ?

ஆம், அது கொடுமையே. வாய்மை எது என்று வள்ளுவர் வரையறுக்கும்போது, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே அது என்கிறார். கீதையின் பதினேழாம் அத்தியாயம் வாக்கின் தவத்தைக் கூறுகையில், மனத்தைக் கலக்காமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கையும் சேர்த்தே கூறுகிறது. உண்மையை விட்டுவிட்ட இனிமை தவமாகாது, அது முகத்துதி. நன்மையை விட்டுவிட்ட உண்மையும் தவமாகாது, அது ஆயுதம்.

எனவே கேள்வி, பேசுவதா வேண்டாமா என்பதன்று. எப்படிப் பேசுவது என்பதே. ஒரு செயலைக் கண்டிக்கும் பேச்சுக்கும், ஒரு பிறப்பைக் கண்டிக்கும் பேச்சுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. 'இந்தச் சட்டம் அநீதியானது' என்னும் சொல், அச்சட்டத்தை இயற்றியவர் திருந்துவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. 'அந்த இனமே இப்படித்தான்' என்னும் சொல் எல்லா வாசல்களையும் மூடிவிடுகிறது. செயலை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்றிக்கொள்ள எவரால் இயலும்? மாற இயலாதவனிடம் பேச என்ன இருக்கிறது? இறுதியில் எஞ்சுவது விரட்டுவதும் அழிப்பதும் மட்டுமே.

1946 நவம்பரில் காந்தியடிகள் நவகாளிக்குச் சென்றபோது அங்கே நிகழ்ந்த கொடுமைகளை மறைக்கவோ மென்மைப்படுத்தவோ இல்லை. எரிந்த வீடுகளினூடே, வெறுங்காலோடும் ஊர் ஊராக நடந்தார். தீங்கு செய்தவர் வீட்டு வாசலிலும் நின்று பேசினார். பின்னர் பீகாரில் இந்துக்கள் முஸ்லிம்களுக்குச் செய்த கொடுமையை அதே அளவுகோலால் அளந்தார். யார் செய்தாலும் ஒரே அளவுகோல் என்பதே நீதியின் குரலுக்கும் வெறுப்பின் குரலுக்கும் உள்ள அடையாள வேறுபாடு.

தீவு தரும் நம்பிக்கை

அந்தமானைத் துயரங்களின் கரை என்று மட்டும் சொல்லி முடிக்க மனம் ஒப்பவில்லை. செல்லுலார் சிறை 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்டது. கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி, ஒரு பிரிவின் முகப்பு மற்றொன்றின் முதுகை நோக்குமாறு அதன் ஏழு கிளைகளும் அமைக்கப்பட்டன. மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதே அக்கட்டடத்தின் நோக்கம்.

அந்தச் சிறைக்கு வெளியே நடந்தது இதற்கு நேர்மாறானது. தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்த கைதிகள் குடும்பமாக வாழ அனுமதிக்கப்பட்டனர். சாதியும் மொழியும், சில வேளைகளில் மதமும் கடந்து மணங்கள் நிகழ்ந்தன. அவர்களின் வழித்தோன்றல்கள் 'லோக்கல் பார்ன்' எனப்படும் தனிச் சமூகமாயினர். இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. இன்று வங்காளியும் தமிழரும், மலையாளியும் தெலுங்கரும், 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களும், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த பழங்குடியினரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலம், வேலை, ஒதுக்கீடு பற்றிய மனத்தாங்கல்கள் இங்கும் உண்டு; பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு ஈடும் இல்லை. ஆயினும் மலபாரிலும் வங்காளத்திலும் இலங்கையிலும் எரிந்த நெருப்புகளின் பொறிகளைச் சுமந்து வந்தவர்கள் அவற்றை இங்கே ஊதி வளர்க்கவில்லை.

ஏன் என்று முதியவரிடம் கேட்டிருந்தேன். அவர் சற்று யோசித்துச் சொன்னார்: "சாமி, தீவில் கப்பல் வர நாளாகும். அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?"

அவர் எளிமையாகச் சொன்னதில் ஆழ்ந்த உண்மை உண்டு. வெறுப்புப் பேச்சு 'அவர்கள்' என்ற பன்மையில் வாழ்கிறது. அரிசி கடன் கொடுத்த ஒருவரின் முகம் அந்தப் பன்மையை உடைத்துவிடுகிறது. பதஞ்சலி கூறும் பரிகாரமும் இதுவே. தீய எண்ணம் எழும்போது அதற்கு எதிரான எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறார் அவர். 'அவர்கள்' என்ற சொல் உள்ளத்தில் எழும்போது, அந்தக் கூட்டத்தில் நாம் அறிந்த ஒரே ஒரு மனிதரின் பெயரை நினைப்பது அதற்கு எளிய தொடக்கம்.

நம் கடமை

நாம் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். சட்டம் இயற்றுபவர்களும் அல்லர். ஆனால் கேட்பவர்கள். ஆகவே நம் சாதனை கேட்பதில் தொடங்க வேண்டும். ஒரு பேச்சு நம் உள்ளத்தைக் கிளர்த்தும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்வோம். இவர் ஒரு செயலைக் கண்டிக்கிறாரா, ஒரு பிறப்பையா? இவர் சுட்டும் குறைக்கு, இவர் சுட்டும் மனிதர் உண்மையிலேயே காரணமா? நம்மவர் இதையே செய்திருந்தால் இவர் இப்படிப் பேசுவாரா? இதைக் கேட்டபின் என் பக்கத்து வீட்டாரை நான் நேருக்கு நேர் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், கைதட்டுவதையும் அடுத்தவருக்கு அனுப்புவதையும் நிறுத்திவிடுவோம்.

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் பாறையில் பொறித்த சாசனங்களுள் பன்னிரண்டாவது, நாவடக்கத்தைப் பற்றியது. தன் சமயத்தின்மீது கொண்ட பற்றால் பிறர் சமயத்தை இழித்துரைப்பவன் உண்மையில் தன் சமயத்துக்கே தீங்கு செய்கிறான் என்பது அதன் கருத்து. ஒரு லட்சம் பேரின் சாவை நேரில் கண்ட அரசன் கல்லில் எழுதிய பாடம் இது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கல் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை அந்த முதியவர் கச்சாலுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மீண்டும் அவரைக் காணும் வாய்ப்புக் கிட்டினால் இவ்வளவு சொல்வேன்: "பெரியவரே, பேசியவர்களுக்கு அதில் பங்கு உண்டு. கேட்டு மகிழ்ந்தவர்களுக்கும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். இனி நிற்காமலிருக்க முயல்கிறேன்." அந்த முயற்சிக்கு வேண்டிய விழிப்பையும் வலிமையையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.